துடுப்பும் தூண்டிலும்: காலுக்குக் காப்பு எது?

கயாக்கில் ஏறி மீன் பிடிக்கப் புறப்படும் நம் மன்றத்து நண்பர்களைப் பலமுறை கவனித்திருக்கிறேன். துடுப்பு இலேசானதா என்று தூக்கிப் பார்ப்பார்கள். தூண்டிற்கோலை வளைத்துப் பார்ப்பார்கள். நரம்பு எத்தனை கிலோ தாங்கும் என்று கடைக்காரரை விடாமல் கேட்பார்கள். ஆனால் காலில் எதை அணிவது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. விடுதி வாசலில் கிடக்கும் ஹவாய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அது யாருடைய செருப்பு என்று கூடச் சிலர் பார்ப்பதில்லை!

படகு கரையை விட்டுப் புறப்படும்போதும் கரையைச் சேரும்போதும் முதலில் நீரில் இறங்குவது எது? கால்தான். துடுப்புத் தள்ளும்போது உடலின் விசையைப் படகுக்குள் செலுத்துவது எது? அதுவும் கால்தான். படகு கவிழ்ந்தால் நம்மை மீண்டும் மேலே ஏற்றிவிட உதைப்பதும் அதே கால்தான். அத்தகைய காலுக்கு ஏற்ற காப்பு எது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்பது வீண் வேலை ஆகாது.

நம் நீர் எத்தகையது?

காலணி பற்றிய அறிவுரைகள் உலகெங்கும் மலிந்து கிடக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை குளிர் நாட்டில் எழுந்தவை. கயாக் என்னும் படகே வடதுருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்கள் நமக்குத் தந்த கொடை. கடல்நாய்த் தோலால் படகைப் போர்த்தியவர்கள், அதே தோலால் நீர் புகாத காலணியையும் தைத்து அணிந்தார்கள். அங்கே குளிர்தான் முதற் பகை. நீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஆதலால் பனிக்கட்டி உருகி ஓடும் ஆற்றில் நனைந்த கால் சில நிமிடங்களில் மரத்துப் போகும்.

அந்தக் குறையைத் தீர்க்கப் பிற்காலத்தில் வந்தது நியோபிரீன். 1930-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தார் கண்ட செயற்கை ரப்பர் அது. 1952-இல் ஹியூ பிராட்னர் என்னும் பௌதிக அறிஞர், குமிழிகள் நிறைந்த நியோபிரீனால் முழுக்காடை செய்யலாம் என்று காட்டினார். அந்தக் குமிழிகளில் அடைபட்ட வாயுதான் உடலின் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது.

நம் நிலைமை வேறு. நம் பல்கலைக்கழகம் நிற்கும் தாலேகாவ் மேட்டுக்கு வடக்கே மாண்டவி; தெற்கே சுவாரி. இரண்டையும் இணைப்பது கும்பார்ஜுவா கால்வாய். இந்த நீர்நிலைகளின் வெப்பம் பெரும்பாலும் 25 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவதில்லை. இங்கே ஐந்து மில்லிமீட்டர் தடித்த நியோபிரீன் பூட்சு அணிந்தவர் காலைக் காக்கவில்லை, அவிக்கிறார். வியர்வையும் உப்புநீரும் சேர்ந்து தோலை ஊறவைக்கும். ஊறிய தோல் எளிதில் உரியும். விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். ஆகவே, பனி நாட்டார் எழுதிய பட்டியலைப் பார்த்து நம் பணத்தைச் செலவிட வேண்டாம். இமயத்து ஆறுகளுக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பட்டியல் பொருந்தும். நமக்கு வேறு பட்டியல் வேண்டும்.

அடியில் இருப்பவை

இங்கே நாம் தேடிப் போகும் மீன்கள் கொடுவாவும் செப்பிலியும். கொங்கணி மொழியில் கொடுவாவைச் சொணக் என்றும் செப்பிலியைத் தாம்சோ என்றும் சொல்வார்கள். இரண்டும் கண்டல் வேர்களின் ஓரத்திலும், பாறையடியிலும், கழனிகளைக் காக்கும் கரைகளின் மதகு வாயிலும் பதுங்கி இரை தேடுபவை. மீன் இருக்கும் இடத்துக்குத்தான் நாமும் போகவேண்டும். அந்த இடங்களிலெல்லாம் காலுக்குப் பகை காத்திருக்கிறது.

முதற்பகை கூர்மை. கழனிக் கரைகளைச் செம்புரைக் கல்லால் கட்டியிருப்பார்கள். அந்தக் கல்லின் மேல் சிப்பியும் கொட்டலசும் அப்பிக்கொண்டிருக்கும். உடைந்த சிப்பியின் விளிம்பு சவர அலகுக்குச் சற்றும் இளைத்ததன்று. கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து ஆணிகளைப் போல் நிமிர்ந்து நிற்கும். நீர் ஏறியிருக்கும்போது இவை எவையும் கண்ணுக்குத் தெரியா. பெருவெள்ள நாட்களில் இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே இரண்டு மீட்டருக்கு மேல் வேறுபாடு உண்டு. காலையில் படகு மிதந்த இடம் நண்பகலில் சிப்பிப் படுகையாய்த் தலை காட்டும்.

இரண்டாம் பகை சேறு. கழியோரச் சேறு காலை முழங்கால் வரை வாங்கும். ஆனால் திருப்பிக் கொடுக்காது. காலைத் தூக்கும்போது அடியில் வெற்றிடம் ஏற்பட்டுச் செருப்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கால் வரும், செருப்பு வராது. அதன் பிறகு வெறுங்காலோடுதான் சிப்பிமேல் நடக்கவேண்டும்.

மூன்றாம் பகை திருக்கை. ஆழமில்லாத நீரில் மணலுக்குள் உடலைப் புதைத்துக்கொண்டு கிடக்கும் மீன் இது. நம்மைத் தேடி வந்து குத்துவதில்லை. நாம் மிதித்தால்தான் வாலைச் சுழற்றி முள்ளைப் பாய்ச்சும். இதை நன்றாக நினைவில் வைத்தல் வேண்டும்: திருக்கை முள்ளை முழுதும் தடுக்கும் காலணி நாம் வாங்கக்கூடியவற்றில் இல்லை. அதற்குக் காப்பு நடையில் இருக்கிறது. காலைத் தூக்கி வைக்காமல், தரையோடு தேய்த்துத் தேய்த்து நகரவேண்டும். காலின் அதிர்வை உணர்ந்த திருக்கை தானே விலகிப் போய்விடும்.

நான்காம் பகை படகுக்கு உள்ளேயே இருக்கிறது. பிடித்த கெளுத்தி காலடியில் துள்ளும். அதன் முதுகிலும் இரு பக்கத்திலும் நஞ்சு முட்கள் உண்டு. கொடுவாவின் செவுள் மூடி கத்தி போல் அறுக்கும். மும்முனைத் தூண்டில் முள் எங்கேயாவது விழுந்து கிடக்கும். கயாக்கில் நாம் கால் நீட்டி அமர்ந்திருப்பதால், இவையெல்லாம் நிகழும் மேடை நம் பாதத்தின் மேற்புறமே. எனவே விரல்களை மூடாத செருப்பு இந்த வேலைக்கு ஆகாது.

கும்பார்ஜுவா கால்வாயில் முதலைகளும் உண்டு. அங்கே எந்தக் காலணியும் துணை வராது. அங்கே நீரில் இறங்காமல் இருப்பதொன்றே அறிவுடைமை.

“மீனவர் செருப்பா அணிகிறார்?”

இவ்வளவையும் கேட்ட நண்பர் ஒருவர் என்னை மடக்கினார்: “இந்தக் கோவாவின் மீனவர் வெறுங்காலோடுதானே தோணி ஏறுகிறார்? நம் ஊர்க் கட்டுமரக்காரர் செருப்பா அணிகிறார்? உமக்கு மட்டும் எதற்கு இந்த ஆடம்பரம்?”

நல்ல கேள்வி. கட்டுமரம் இறங்குவது பெரும்பாலும் மணற்கரையில். சிப்பிப் பாறையில் அன்று. இங்குள்ள தோணிக்காரருக்கோ கழியின் தரை முழுதும் மனப்பாடம். எந்த மூலையில் கல், எந்த மூலையில் சேறு என்பதைத் தம் தந்தையின் பின்னால் நடந்து கற்றவர் அவர். நாமோ வழிப்போக்கர். அவருடைய பாதத்தை நாற்பது ஆண்டு உழைப்பு தோலாய் உரமேற்றியிருக்கிறது. நம்முடைய பாதமோ வகுப்பு வாசலுக்கும் உணவு விடுதிக்கும் நடந்து பழகியது.

மேலும், அவருக்குக் காயமே படுவதில்லை என்று நினைப்பது தவறு. நான் பழவேற்காட்டைச் சேர்ந்தவன். என் சித்தப்பா அந்த ஏரியில் தோணி செலுத்தியவர். சருக்கரை நோய் அவருக்குப் பத்தாண்டுப் பழக்கம். அந்த நோய் முற்றினால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். ஒருநாள் சிப்பி கிழித்ததை அவர் உணரவே இல்லை. ஒரு வாரம் சென்று கால் வீங்கிய பிறகுதான் சித்தி பார்த்தார். இரண்டு விரல்களை எடுத்த பிறகே அவரைக் காப்பாற்ற முடிந்தது. “காலுக்கு இதெல்லாம் பழக்கம்டா” என்று சொல்லி வந்தவர், இன்று அக்கம்பக்கத்து இளைஞர்களைச் செருப்பில்லாமல் ஏரியில் இறங்க விடுவதில்லை. ஆகவே, வெறுங்கால் வீரமும் அன்று. காலணி ஆடம்பரமும் அன்று. வெறுங்காலுக்குக் காரணம் பல வீடுகளில் வறுமை. அதை நாம் வழக்கம் என்று பெயரிட்டுப் போற்றுவது முறையாகாது.

வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் விப்ரியோ என்னும் நுண்ணுயிர் வகைகளுள் சில, சிறு கீறல் வழியே புகுந்து பெருங்கேடு விளைவிக்கும். ஈரல் நோயும் சருக்கரை நோயும் உள்ளவர்க்கு அவை உயிருக்கே உலை வைக்கலாம். மழைக்கால வெள்ளத்திலும் வயற்கால்வாயிலும் எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலும் காலில் உள்ள புண் வழியாகவே பெரும்பாலும் நுழைகிறது. கால் கிழியாமல் காப்பது, உயிரின் வாயிலைத் தாழிடுவதற்கு ஒப்பாகும்.

படகோடு பொருந்தவேண்டும்

காலுக்குப் பொருந்தினால் மட்டும் போதாது. காலணி படகுக்கும் பொருந்துதல் வேண்டும்.

கயாக்கில் இருவகை. ஒன்று, மூடிய படகின் குழிக்குள் காலை நுழைத்து அமர்வது. இன்னொன்று, திறந்த தட்டின்மேல் அமர்வது. முதல் வகையில் பெரிய, தடித்த, நாடாக்கள் தொங்கும் காலணி பேராபத்து. படகு கவிழ்ந்தால், தலைகீழாய் நீருக்குள் இருந்தபடி காலை வழுக்கி வெளியே எடுக்கவேண்டும். அந்த நேரத்தில் ஒரு நாடா மிதிகட்டையில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. இரண்டாம் வகையில் அந்த அச்சம் குறைவு. நம்மில் பெரும்பாலோர் மீன் பிடிப்பது இவ்வகையில்தான். எனினும் மிதிகட்டையும் கயிறும் இதிலும் உண்டு. நாடாவின் நுனியை உள்ளே செருகிவிடுவதே நல்லது. பல வார்களும் கொக்கிகளும் கொண்ட காலணியைத் தவிர்க்கலாம்.

கானூவில் அமரும் முறை வேறு. அலை மிகுந்தால் முழந்தாளிட்டு, பாதங்களை இருக்கைக்கு அடியில் செலுத்தி அமர்வார்கள். அப்போது பாதத்தின் மேற்புறம் படகின் தரையில் படியும். விறைத்த அடி மடங்காது. தடித்த குதிகாலோ இருக்கையின் கீழ்ச் சிக்கிக்கொள்ளும். ஆகவே கானூக்காரருக்கு மடங்கும் அடியும் ஒடுங்கிய வடிவமும் இன்றியமையாதவை.

நின்றுகொண்டு தூண்டில் வீசும் துணிவுடையவர்களுக்கு இன்னொரு சொல். தடித்த அடியின் மேல் நிற்பவருக்குப் படகின் அசைவு தாமதமாகத்தான் தெரியும். தட்டையான, மிதமான அடியே உடலுக்குச் செய்தியை உடனே சொல்லும்.

வழுக்காத அடி

நீர் பட்ட வழவழப்பான தளத்தில் கால் ஏன் வழுக்குகிறது? காலணிக்கும் தளத்துக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று தங்கிவிடுவதால்தான். அப்படலம் ஓடிப்போக வழி செய்தால் ரப்பர் தளத்தைப் பற்றும். இதைக் கண்டுகொண்டவர் பால் ஸ்பெர்ரி என்னும் அமெரிக்கப் படகோட்டி. பனியின்மேல் வழுக்காமல் ஓடிய தம் நாயின் பாதத்தைப் பார்த்தார். அதில் இருந்த நுண்ணிய வெடிப்புகளைப் போலவே ரப்பர் அடியில் கத்தியால் கீறினார். 1935-இல் படகுக் காலணி அப்படித்தான் பிறந்தது.

படகின் தளத்துக்கு நுண்கீறல்கள் போதும். சேற்றுக்கோ ஆழ்ந்த பள்ளங்கள் வேண்டும். நமக்கு இரண்டும் தேவைப்படுவதால், மென்மையான ரப்பரில் நடுத்தர ஆழமுள்ள வரிகளைத் தேர்ந்தெடுப்பதே சாலச் சிறந்தது. இரும்பு ஆணி பதித்த அடி பிளாஸ்டிக் படகைக் கீறிப் பாழாக்கும். பாசி படர்ந்த பாறைக்குக் கம்பளி போன்ற ஃபெல்ட் அடி நல்லது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது ஈரத்தை விடாது. ஓர் ஆற்றின் பாசியையும் நுண்ணுயிரையும் இன்னோர் ஆற்றுக்குச் சுமந்து செல்லும். டிடிமோ என்னும் பாசி பரவுவதைத் தடுக்க, நியூசிலாந்து 2008-இல் தூண்டிற்காரர்களுக்கு ஃபெல்ட் அடியையே தடை செய்தது.

கம்பூட்ஸ் பற்றிய ஐயம்

“முழங்கால் வரை கம்பூட்ஸ் போட்டால் எந்தத் தொல்லையும் இல்லையே” என்பார் சிலர். “அது நிறைந்தால் கல்லைப் போல் இழுத்து ஆழ்த்திவிடும்” என்பார் வேறு சிலர். இரண்டுமே முழு உண்மை ஆகா.

நீருக்குள் இருக்கும் நீருக்கு எடை இல்லை. ஆர்க்கிமிடிசைப் படித்த நமக்கு இது புதிதன்று. ஆகவே நிறைந்த பூட்சு நம்மைக் கீழே இழுப்பதில்லை. ஆனால் காலை உதைத்து நீந்த விடாது. ஓடும் நீரில் வாளியைக் கட்டிக்கொண்டு நீந்துவது போலிருக்கும். படகின்மேல் ஏற முயலும்போதுதான் உண்மையான தொல்லை. நீருக்கு வெளியே வந்ததும் ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ எடை ஆகிவிடும். களைத்த மனிதன் அந்தச் சுமையோடு ஏறுவது அரிது. எனவே நாம் தேடவேண்டியது நீர் புகாத காலணியை அன்று. புகுந்த நீர் உடனே வெளியேறும் காலணியை.

எதை வாங்கலாம்?

ஹவாய்ச் செருப்பு: மிதக்கும், மலிவு. ஆனால் சேறு பறித்துக்கொள்ளும், விரலையும் மூடாது. கரையில் நடக்க மட்டுமே உதவும்.

துளைகள் கொண்ட நுரைச் செருப்பு: மிதக்கும், நீர் வடியும். ஆனால் காலில் தளர்ந்து நிற்கும். துளை வழியே கூழாங்கல் புகும்.

தோற் செருப்பு: ஊறும், வழுக்கும், காய்ந்தால் வெடிக்கும். வேண்டவே வேண்டாம்.

மெல்லிய நீர்க் காலுறை: படகில் அமர்ந்திருக்க இனிது. சிப்பியின்மேல் நிற்க உதவாது.

கணுக்கால் வரை உயர்ந்து, வலைத்துணியும் வடிகால் துளையும், மூடிய முன்புறமும், உறுதியான ரப்பர் அடியும் கொண்ட நீர்க் காலணி: நம் நீருக்கு இதுவே தலைசிறந்தது. விலைதான் சற்று மிகுதி.

அந்த விலை கட்டாதவர்கள் சோர வேண்டாம். பள்ளியில் உடற்பயிற்சி வகுப்புக்கு அணிந்தோமே, அந்தக் கான்வாஸ் ஷூ! விரலை மூடும், நாடாவால் இறுகும், அடி மடங்கும். உட்புறப் பாதத்தின் ஓரம் இரண்டு சிறு துளையிட்டால் நீரும் வடியும். மெல்லிய அடி என்பதொன்றே குறை. உள்ளே கெட்டியான ரப்பர்த் தகடு ஒன்றை வெட்டி வைத்தால் அதுவும் பெரும்பாலும் தீரும்.

விடுதியிலேயே சோதனை

எதை வாங்கினாலும், ஆற்றுக்குப் போகுமுன் விடுதியிலேயே ஐந்து சோதனை செய்துவிடலாம்.

ஒன்று: காலணியை வாளி நீரில் அமிழ்த்தித் தூக்குங்கள். சில நொடிகளில் பெரும்பகுதி நீர் வடிந்துவிடவேண்டும்.

இரண்டு: நனைந்த குளியலறைத் தரையில், சுவரைப் பிடித்தபடி மெல்லத் தேய்த்துப் பாருங்கள். அங்கே வழுக்கினால் படகிலும் வழுக்கும்.

மூன்று: ஒரு காலின் நுனியால் மற்றக் காலின் குதியை அழுத்திக் கழற்ற முயலுங்கள். எளிதில் கழன்றால் சேறு அதைவிட எளிதில் கழற்றும்.

நான்கு: கட்டை விரலால் அடியை வலுவாக அழுத்துங்கள். விரலின் அழுத்தம் உள்ளே நன்றாகத் தெரிந்தால் சிப்பி அதைத் துளைக்கும்.

ஐந்து: தரையில் கால் நீட்டிப் பாதத்தைச் சுவரில் ஊன்றி, பத்து நிமிடம் அமருங்கள். பிறகு முழந்தாளிட்டும் அமருங்கள். எங்கே உறுத்துகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

வாங்குவது மாலை நேரத்தில் ஆகட்டும். பகலெல்லாம் நடந்த கால் மாலையில் சற்றே வீங்கியிருக்கும். அந்த அளவுக்கு வாங்கினால்தான் வெயிலில் இறுக்காது.

திரும்பி வந்த பின்

உப்புநீர் பட்ட காலணியை நன்னீரில் அலசி, உள்ளே பழைய செய்தித்தாளைத் திணித்து, நிழலில் உலர்த்துங்கள். கொளுத்தும் வெயில் பசையை இளக்கி அடியைப் பிரித்துவிடும். காலையும் அலசி, விரலிடுக்கைத் துடைத்து உலர்த்துங்கள்.

கீறல் பட்டிருந்தால் அங்கேயே நல்ல நீராலும் சோப்பாலும் கழுவுங்கள். சிவந்தாலோ, வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ மறுநாள் வரை காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள். உவர்நீரில் பட்ட காயம் என்பதையும் சொல்லுங்கள். திருக்கையோ கெளுத்தியோ குத்தினால், பொறுக்கக்கூடிய அளவு வெந்நீரில், அதாவது சுமார் 45 டிகிரியில், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை காலை வைத்திருக்கவேண்டும். அந்த நஞ்சு வெப்பத்தில் வீரியம் இழப்பது, வலி தணியும். சூட்டைக் குத்துப்பட்டவர் காலால் சோதிக்க வேண்டாம். வலியில் அவருக்குச் சூடு தெரியாது. நண்பர் தம் கையால் பார்த்தல் வேண்டும். ஆழப் பதிந்த முள்ளை நாமே பிடுங்காமல் மருத்துவரிடம் விட்டுவிடவேண்டும்.

மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம்மில் பலருக்கு வீட்டிலிருந்து வரும் பணம் கட்டணத்துக்கும் உணவுக்குமே சரியாய்ப் போகிறது. காலணிக்கென்று தனியே எடுத்து வைப்பது எளிதன்று. ஆதலால் மன்றம் தன் சேமிப்பிலிருந்து ஏழு முதல் பத்து எண் வரை, அளவுக்கு இரண்டு சோடியாக நல்ல நீர்க் காலணிகள் வாங்கி வைக்கலாம். நூலகத்தில் புத்தகம் எடுப்பது போல, கையெழுத்திட்டு எடுத்துச் சென்று, அலசி உலர்த்தித் திருப்பித் தரலாம். அவற்றோடு ஒரு முதலுதவிப் பெட்டியும், வெந்நீர்க் குடுவை ஒன்றும் இருக்கட்டும். உயிர்காப்புச் சட்டை இல்லாதவருக்கு மன்றம் காலணி தரக்கூடாது என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

மழை ஓய்ந்து, கலங்கல் தெளிந்து, மீன்பிடிக்கும் பருவம் அக்டோபரில் தொடங்கும். அதற்குள் இதைச் செய்து முடிப்பது பெரிய காரியம் அன்று. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை முன்மொழிய நான் ஆயத்தம். வழிமொழிய ஒருவர் வந்தால் போதும்.